பொத்தான் போடாத கார்டுராய் கோட்டு

1

என் மைத்துனன் குமாருக்குத் தை மாதம் கல்யாணம். கோவில்பத்திலிருந்து கடிதம் போட்டிருக்கிறான். அதில் பாதி நலம் விசாரிப்பு, கால்வாசி மழை, மீதிக் கால்வாசி கோட்டு. மாப்பிள்ளை அழைப்புக்குத் திருநள்ளாற்றுப் பெண் வீட்டார் கோட்டும் சூட்டும் எடுத்துத் தருகிறார்கள். வேறு எந்தத் துணியும் வேண்டாம், கார்டுராய்தான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிவிட்டானாம். துணி வீட்டில் இருக்கிறது, இன்னும் தைக்கக் கொடுக்கவில்லை. அதற்குள் என்னிடம் யோசனை கேட்கிறான்.

"அத்தான், போன வருசம் நீங்க அனுப்புன போட்டோவுல ஒரு கோட்டு போட்ருக்கீங்கள்ல, அதே மாதிரி எனக்கு வேணும். டை இல்லாம, பொத்தான் போடாம, கைய மடிச்சு விட்டு, காலரத் தூக்கி விட்டு. அது எப்புடின்னு வெவரமா எழுதுங்க. இங்க எல்லாப் பயலும் கேக்குறான்."

பிரான்சுக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. சட்டை துணிமணி விஷயத்தில் ஊரிலிருந்து ஒருவர்கூட என்னிடம் யோசனை கேட்டதில்லை. இரண்டு நாள் எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணாடி முன்னால் நின்று அந்தக் கோட்டைப் போட்டுப் பார்த்தேன், கழற்றினேன், மறுபடியும் போட்டேன். மூன்றாம் நாள் என் மனைவி வசந்தா கடிதத்தைப் படித்தாள். தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். பொத்தான், கை, காலர் எல்லாவற்றுக்கும் யார் காரணம் என்று அவளுக்குத்தானே தெரியும்.

"எழுதுங்க. எல்லாத்தையுமே எழுதுங்க. இனிமே என்ன" என்றாள்.

அதனால் குமாருக்குத் தனியாக எழுதாமல் நம் ஊர்ப் பத்திரிகையிலேயே எழுதுகிறேன். கேட்கிற மற்றவர்களும் படித்துக்கொள்ளட்டும்.

2

எங்கள் கல்யாணம் எழுபத்தாறாம் வருஷம், வைகாசியில். நான் குரும்பகரத்தில் நெல் விவசாயம் செய்கிற வீட்டில் மூன்றாவது பையன். பி.யு.சி. முடித்துவிட்டு, காரைக்காலில் எந்த அலுவலகத்தில் எந்த நாற்காலி காலியாகும் என்று சைக்கிளில் வட்டமடித்துக்கொண்டிருந்தவன். வசந்தாவின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அப்படிப்பட்டவரை எங்கள் பக்கம் சொல்தா என்பார்கள். அந்த வழியில் வசந்தா பிறக்கும்போதே பிரெஞ்சுப் பிரஜை. ஆனால் காரைக்கால் கடற்கரையைத் தாண்டி எதையும் பார்த்ததில்லை.

இந்த மாதிரிப் பெண்ணைக் கட்டுகிறவனுக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. எனக்கும் வைத்தார்கள்: பாஸ்போர்ட் மாப்பிள்ளை. முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. டீக்கடையில் நான் உட்கார்ந்ததும் பேச்சு மழைக்கும் அறுவடைக்கும் மாறிவிடும், அதிலிருந்து தெரிந்துகொண்டேன். அந்தப் பெயர் என்னை உறுத்தியது. பெண்ணைப் பார்த்துத்தான் சம்மதித்தேன் என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்லவா முடியும்?

மாப்பிள்ளைக் கோட்டுக்கு மாமனார் பாரிஸிலிருந்து தெரிந்தவர் மூலம் துணி வரவழைத்திருந்தார். காபிப்பொடி நிறத்தில், கனமாக, விரலால் தடவினால் வரி வரியாகத் தட்டுப்படுகிற கார்டுராய். காரைக்கால் கடைத்தெருவில் தைத்த தையற்காரர் அந்த மாதிரித் துணியைத் தொட்டதே இல்லை என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும் நன்றாகத்தான் தைத்திருந்தார். வைகாசி வெயில் இறங்காத சாயங்காலத்தில், அதைப் போட்டு, கழுத்துவரை டை கட்டி, மூன்று பொத்தானையும் பூட்டி, திறந்த காரில் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள். நாகஸ்வரக்காரர் வாசித்தது என்ன ராகம் என்று எனக்குத் தெரியாது. என் முதுகில் வேர்வை ஓடியது மட்டும் தெரியும். போட்டோவில் பார்த்தால் விறைப்பாக, மூச்சுவிடாமல் இருப்பேன். என் மகள் அமுதாவுக்கு இப்போது ஒன்பது வயது. அந்தப் போட்டோவைப் பார்க்கும்போதெல்லாம் பிரெஞ்சில் ஏதோ சொல்லிச் சிரிப்பாள். தமிழில் சொல் என்று அதட்டினால், "அப்பா எதுக்கு வேஷம் போட்டாங்க?" என்பாள்.

மறுநாள் கோட்டைக் கழற்றிக் கொடுக்கும்போது மாமனார் ஒன்று சொன்னார். சூட்டு என்றால் கோட்டும் பேன்ட்டும் சேர்ந்திருக்க வேண்டும், ஒன்றைவிட்டு ஒன்றைப் போடக்கூடாது, பட்டாளத்தில் அப்படிப் போட்டால் தண்டனை என்று. நான் தலையை ஆட்டினேன்.

3

பிரான்சில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, பாரிஸுக்கு வடக்கே ஒரு அச்சகத்தின் கிடங்கில். காகிதக் கட்டுகளை இறக்க வேண்டும், அடுக்க வேண்டும், ஏற்ற வேண்டும். முதல் நாள் வேலைக்குப் போகிறவன் எப்படிப் போக வேண்டும்? நல்ல உடுப்பில் போக வேண்டும் என்றுதான் நம் வீடுகளில் சொல்லி அனுப்புவார்கள். மாப்பிள்ளைக் கோட்டு, பேன்ட், டை, மூன்று பொத்தான். அப்படியே போய் நின்றேன்.

உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். ஒருவர் காபி கொண்டுவந்து நீட்டினார். மேஸ்திரி அவசரமாகச் சிகரெட்டை அணைத்தார். மேலிடத்திலிருந்து யாரோ சோதனைக்கு வந்துவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறார்கள். காபியைக் குடித்து முடித்த பிறகுதான் காகிதம் அடுக்க வந்தவன் என்று என்னால் அவர்களுக்குப் புரியவைக்க முடிந்தது. அன்றைக்கு என் பிரெஞ்சு அந்த அளவில்தான் இருந்தது. யாருக்கும் மரியாதை குறைந்துவிடக் கூடாது என்று மேஸ்திரியின் நாயைக்கூட வாங்க, போங்க என்றுதான் கூப்பிட்டேன்.

ழெரார் என்று என்னோடு வேலை பார்த்த ஒரு கிழவர்தான் மதியம் என்னைத் தனியாகக் கூட்டிப்போய் விளக்கினார். இந்தத் துணி கல்யாணத் துணி இல்லை. உழவர்களும் பள்ளிக்கூட வாத்தியார்களும் போட்டுத் தேய்க்கிற துணி. புதிதாக இருந்தால் அழகில்லை, பழசாகப் பழசாகத்தான் அழகு. டையை அவிழ்த்துவிடு. சட்டைக்குப் பதில் கழுத்து மூடிய ஸ்வெட்டர் போடு. பேன்ட் போடுகிற நாளில் கோட்டை வீட்டில் விடு, கோட்டுப் போடுகிற நாளில் வேறு பேன்ட் போடு. இரண்டும் சேர்ந்து வந்தால் உன்னை மறுபடியும் சோதனைக்காரன் என்று நினைப்பார்கள். இவ்வளவையும் கையாலும் முகத்தாலும் சொன்னார்.

உழவர் போடுகிற துணி என்று தெரிந்ததும் எனக்கு ஒரே சிரிப்பு. குரும்பகரத்தில் உழுதுகொண்டிருந்த வீட்டுப் பையனுக்கு, உழவர் துணியில் கோட்டுத் தைத்து ஊர்வலம் விட்டிருக்கிறார்கள்.

மாமனார் சொன்னது நினைவில் இருக்கத்தான் செய்தது. இருந்தாலும் அடுத்த வாரமே சூட்டைப் பிரித்துவிட்டேன். பேன்ட்டும் ஸ்வெட்டரும் வேலைக்கு, கோட்டு ஞாயிற்றுக்கிழமைக்கு. மூச்சு விட முடிந்தது.

4

எண்பத்தொன்றில் வசந்தாவும் வேலைக்குப் போகத் தொடங்கினாள். ஊருக்கு எழுதும்போது "வசந்தா ஆபீஸுக்குப் போகிறாள்" என்று எழுதினோம். அது பொய் இல்லை. ஆபீஸுக்குத்தான் போனாள். அங்கே வேலை செய்கிறவர்கள் வருவதற்கு முன்னால், விடியற்காலையில், வாளியும் துடைப்பமுமாக.

அவளுடைய கம்பளிக் கோட்டு அமுதா பிறந்த பிறகு அவளுக்குப் பற்றவில்லை. அடுத்த குளிருக்குள் வேறு வாங்கிவிடலாம் என்று இருந்தோம். குளிர் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. ஒரு நாள் காலையில் அவளாகவே என் கார்டுராய் கோட்டை எடுத்துச் சேலைக்கும் ஸ்வெட்டருக்கும் மேலே போட்டுக்கொண்டு போய்விட்டாள். திரும்பி வந்து, இதைப்போலக் கதகதப்பு எதுவும் இல்லை என்றாள். அன்றிலிருந்து அது அவளுடையது. எனக்குப் பேன்ட், அவளுக்குக் கோட்டு. மாமனாரின் சூட்டு எங்கள் வீட்டில் அப்படிப் பங்காயிற்று.

எனக்கு இதில் அவமானம் இருந்தது. அதை இப்போது மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பெண்டாட்டிக்கு ஒரு கோட்டு வாங்கித்தர வக்கில்லாதவன் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயம். தெரிந்த தமிழர்கள் வருகிறார்கள் என்றால் முதல் வேலையாகக் கோட்டை அலமாரிக்குள் தள்ளுவேன்.

இந்தச் சமயத்தில்தான் என் குடியுரிமை மனு நகரத் தொடங்கியது. அது வருஷக்கணக்காகப் படுத்துக் கிடந்த மனு. காரைக்கால் மேரியில், அதாவது நகராட்சியில், கொடுத்த பிறப்புச் சான்றிதழில் என் பெயர் ஒரு விதம். கல்யாணப் பத்திரத்தில் இன்னொரு விதம். பாஸ்போர்ட்டில் என் அப்பாவின் பெயரே எனக்குக் குடும்பப் பெயராகிவிட்டது. மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கவே இரண்டு குளிர்காலம் போனது. பிறகு எண்பத்துமூன்று ஜனவரியில் கூப்பிட்டுவிட்டார்கள். கணவனும் மனைவியும் வர வேண்டும், தனித்தனியாகக் கேள்வி கேட்பார்கள், கல்யாண போட்டோ எடுத்துவர வேண்டும். அந்தக் கடிதத்தின் பொருள் எங்களுக்குப் புரிந்தது. இது நிஜக் கல்யாணமா, பாஸ்போர்ட் கல்யாணமா? காரைக்கால் டீக்கடைக் கேள்வியேதான், இப்போது முத்திரை குத்திய காகிதத்தில் வந்திருந்தது. சரியாகப் பதில் சொல்லாவிட்டால் நான் திரும்பிப் போக வேண்டியிருக்கும். வசந்தாவும் அமுதாவும் பிரெஞ்சுப் பிரஜைகள். அவர்கள் இங்கே, நான் அங்கே.

திருநள்ளாற்று நடராசன் இந்தப் பரீட்சையில் ஏற்கெனவே பாஸ் பண்ணியவர். வீட்டுக்கு வந்து மேசையில் உட்கார்ந்து எங்களைத் தயார் செய்தார். நேற்று என்ன சாப்பிட்டீர்கள், யாருடைய பல்துலக்கி என்ன நிறம், எல்லாம் ஒன்றாக ஒப்பிக்க வைத்தார். கல்யாண போட்டோவைப் பார்த்ததும் கோட்டைத் தட்டிக் காட்டினார். "இது எங்க இருக்குன்னு கண்டிப்பா கேப்பாங்க. பெட்டியில அந்துருண்டை போட்டுப் பத்தரமா வச்சிருக்கோம், கல்யாணத்துக்கு அப்பறம் எடுத்ததே இல்லன்னு சொல்லுங்க. அன்னிக்கு அதையே போட்டுட்டும் போங்க. கல்யாணத்து மேல மரியாதை இருக்குன்னு அவங்களுக்குப் படணும்."

நான் உடனே சரி என்றேன். அவமானமும் மறையும், மரியாதையும் கிடைக்கும். வசந்தா சற்று யோசித்துவிட்டு, எனக்காகச் சரி என்றாள்.

5

அந்தக் காலையில் கோட்டைப் போட்டுப் பொத்தானை மாட்டப் போனேன். மாட்டவில்லை. வயிற்றை எக்கினேன். அப்போதும் நாலு விரல் இடைவெளி. வசந்தா நாக்கைக் கடித்துக்கொண்டாள். போன குளிரில் அவள் உடம்புக்குத் தகுந்தபடி மூன்று பொத்தானையும் பிரித்து உள்ளே தள்ளித் தைத்திருக்கிறாள். மறுபடி பிரித்துத் தைக்க நேரமில்லை. அமுதாவைப் பக்கத்து வீட்டில் விட வேண்டும், பேருந்து வந்துவிடும். திறந்த கோட்டுக்குள் டை தொங்குவது அசிங்கமாக இருந்தது. அதை அவிழ்த்தெறிந்துவிட்டுக் கறுப்பு ஸ்வெட்டரை மாட்டினேன். இதுதான் குமார் கேட்கிற அந்த ஸ்டைலின் முதல் நாள்.

வசந்தாவை முதலில் உள்ளே கூப்பிட்டார்கள். அரை மணி நேரம் கழித்து அவளை வேறு வழியாக அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். அதிகாரி ஐம்பது வயதுள்ள ஒரு பெண்மணி. மூக்குக் கண்ணாடி சங்கிலியில் தொங்கியது. பல்துலக்கி பற்றி ஒன்றும் கேட்கவில்லை. போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இதே கோட்டா என்றார். ஆமாம் என்றேன். எத்தனை முறை போட்டிருக்கிறீர்கள் என்றார். கல்யாணத்தன்று ஒரு முறை, இன்று ஒரு முறை, நடுவில் பெட்டியில் இருந்தது என்று மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன்.

அவர் எழுந்து வந்தார். என் முழங்கையைத் தொட்டார். அங்கே கார்டுராயின் வரிகள் தேய்ந்து மொட்டையாகியிருந்தன. மணிக்கட்டுப் பக்கம் இரண்டு மடிப்புகளின் தடம் விழுந்திருந்தது. பிறகு பொத்தானைப் பார்த்தார். பழைய இடத்தில் நூல் பிரித்த புள்ளிகள் அப்படியே தெரிந்தன.

இது உங்களைவிடச் சிறிய உடம்புக்காரர் தினமும் போடுகிற கோட்டு என்றார் நிதானமாக. உங்கள் வீட்டில் இருக்கிற அந்த ஆள் யார் என்று கேட்டார்.

அவர் என்ன நினைக்கிறார் என்று புரிந்தது. அந்த வீட்டில் வசந்தாவோடு வேறொருவன் இருக்கிறான், நான் இன்றைக்கு மட்டும் அவன் கோட்டை இரவல் வாங்கி வந்திருக்கிறேன். பேசாமல் இருந்தாலும் போச்சு. உண்மையைச் சொன்னாலும் போச்சு, வசந்தா ஏற்கெனவே பெட்டி, அந்துருண்டை என்று சொல்லியிருப்பாள். இருந்தும் சொல்லிவிட்டேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதையும் கொட்டினேன். கோட்டு என்னுடையது, போடுகிறவள் என் மனைவி, எங்களிடம் இருப்பது ஒரே கோட்டு. அவர் நம்பியதாகத் தெரியவில்லை. எதையோ எழுதிக்கொண்டார். வசந்தாவைத் திரும்ப உள்ளே கூப்பிட்டார். நான் வாயைத் திறக்கக்கூடாது என்று சைகை செய்துவிட்டு, கோட்டைக் கழற்றி அவளிடம் கொடுக்கச் சொன்னார். அவளிடம், போட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

வசந்தா என்னைப் பார்த்தாள். நான் கோட்டை நீட்டினேன்.

அவள் போட்டுக்கொண்டாள். யோசிக்கவே இல்லை. கையை இரண்டு மடிப்பு மடித்தாள். காலரைத் தூக்கிப் பின்னலை வெளியே எடுத்து விட்டாள், காலரை அப்படியே விட்டுவிட்டாள். பொத்தான்களைப் பார்க்காமலே கீழிருந்து மேலாக மாட்டினாள். மூன்றும் சிக்கென்று மாட்டின. பிறகு பழக்கதோஷத்தில் இடது பையில் கையை விட்டு, அவளுடைய படம் ஒட்டிய பேருந்து அட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். அப்புறம்தான் தான் எங்கே நிற்கிறோம் என்று நினைவு வந்து விழித்தாள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டார். ஏன் பொய் சொன்னீர்கள் என்று அவளைக் கேட்டார்.

வசந்தாவின் பிரெஞ்சு என்னுடையதைவிட மோசம். ஆனால் அன்றைக்கு அவள் சொன்னது எனக்கு வார்த்தை வார்த்தையாக நினைவிருக்கிறது. "எனக்கு வெட்கம் இல்லை. இவருக்குத்தான் வெட்கம். அதற்காகச் சொன்னேன்."

அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் நான் தலையைக் குனிந்தேன். பிறகு அவர் சொன்னார்: இருவரும் ஒரே பொய்யை ஒரே சொற்களில் சொல்லியிருக்கிறீர்கள், ஒரே வீட்டில், ஒரே மேசையில் உட்கார்ந்து மனப்பாடம் செய்தால்தான் அது முடியும். அவ்வளவுதான். கோப்பை மூடினார். போகலாம் என்று கையைக் காட்டினார்.

வெளியே வந்ததும் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். சிரித்தேனா அழுதேனா என்று வசந்தாவைத்தான் கேட்க வேண்டும். அவள் கோட்டைக் கழற்றப் போனாள். நீயே போட்டுக்க என்றேன். பேருந்து நிறுத்தம் வரைக்கும் ஸ்வெட்டரோடு நடந்தேன், குளிரவில்லை. ஏழு வருஷமாக என் மேல் ஒட்டிக்கொண்டிருந்த அந்தப் பெயர் அன்றைக்கு உதிர்ந்ததுபோல் இருந்தது. குடியுரிமைக் காகிதம் வந்தது அந்த வருஷக் கடைசியில். அதைக் கையில் வாங்கியபோதுகூட அந்தப் படிக்கட்டில் இருந்த நிம்மதி எனக்குக் கிடைக்கவில்லை.

6

இவ்வளவு ஆன பிறகும் மாமனாரிடம் மட்டும் மறைத்தோம். எண்பத்தைந்தில் அவர் எங்களோடு வந்து ஒரு மாதம் இருந்தார். கோட்டை அலமாரியில் பூட்டிவிட்டேன். வசந்தா தோழி ஒருத்தியிடம் மேல்கோட்டு இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு "ஆபீஸுக்கு" போனாள். பட்டாளத்துக்காரர் எங்களுக்கு முன்னால் எழுந்துவிடுவார் என்பதை இருவருமே மறந்துபோனோம். தோழி மேல்கோட்டைத் திருப்பி வாங்கிக்கொண்ட மறுநாள் காலை, வசந்தா என் கோட்டை மாட்டிக்கொண்டு பூனைபோல் வெளியேறியதை அவர் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறார். எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. நாங்களும் அவர் பார்க்கவில்லை என்றே நினைத்திருந்தோம்.

ஊருக்குக் கிளம்பும் நாள் விமான நிலையத்தில், வசந்தா அமுதாவோடு சற்றுத் தள்ளி நின்றபோது, அவர் என் பக்கம் குனிந்தார். சூட்டைப் பிரித்ததற்குத் தண்டனை வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

"மாப்ள, அந்தக் கோட்டுக் கை அவளுக்கு நீளமா இருக்கு. சுருக்கித் தைக்கச் சொல்லுங்க. குளிருக்குத்தானே குடுத்தோம்" என்றார்.

7

குமார், இனி உன் கேள்விக்கு வருகிறேன்.

டை வேண்டாம் என்றது ழெரார் கிழவர். அதை நீ அப்படியே பின்பற்றலாம். ஆனால் மாப்பிள்ளை அழைப்பில் டை கட்டாமல் திருநள்ளாற்றுப் பெண் வீட்டார் உன்னைக் காரில் ஏற்றுவார்களா என்பது உன் பாடு. ஊர்வலம் முடிந்ததும் அவிழ்த்துவிடு. உள்ளே சாதாரணச் சட்டையோ மெல்லிய ஸ்வெட்டரோ போதும். கோட்டையும் பேன்ட்டையும் ஒரே நாளில் போடாதே. இஸ்திரி போடுகிறவரிடம் கொடுத்து வரிகளை நசுக்கிவிடாதே. தேயட்டும், தேய்ந்தால்தான் அழகு.

காலர் தூக்கியிருப்பது உன் அக்காவின் பின்னலுக்காக. நான் கோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்ட பிறகும் அது படியவே இல்லை. கை மடிந்திருப்பது அவளுடைய இரண்டு மடிப்பு. உன் அப்பா சொன்னபடி சுருக்கித் தைக்கலாம் என்றேன், அதற்குள் அவளுக்கு நல்லதாக ஒரு கம்பளி மேல்கோட்டு வாங்கிவிட்டோம். இப்போது நான் நீட்டிவிட்டாலும் துணி தானாக அந்த இடத்தில் மடிந்துகொள்கிறது. பொத்தான் போடாமல் இருப்பது, எனக்கு மாட்டாது என்பதால். அதைப் பழைய இடத்தில் தைத்துத் தரட்டுமா என்று வசந்தா ஒவ்வொரு குளிருக்கும் கேட்கிறாள். வேண்டாம் என்கிறேன். கிடங்கில் எல்லோரும் எனக்கு நல்ல ரசனை என்கிறார்கள், நானும் மறுத்துப் பேசுவதில்லை.

துணியை இன்னும் தைக்கக் கொடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். நல்லதாகப் போயிற்று. கொடுக்கும்போது அந்தப் பெண்ணின் அளவையும் கேட்டு வாங்கிக் கொடு. கோட்டு அவளுக்குச் சரியாக இருக்க வேண்டும். உனக்குத் திறந்து போட்டால் போதும்.